மனுதாரர் திருப்தி

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இந்த டைரி உரக்கடையில் இனாமாகக் கொடுத்தது. ஆவுடை தினமும் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறாள் என்று எழுதி வைக்கும்படி ஜில்லா பெரியாஸ்பத்திரி நர்ஸ் சொன்னார். எழுத உட்கார்ந்தவன் தண்ணீரோடு நிற்காமல் என் கதையையும் சேர்த்துக்கொண்டேன். பத்தாம் வகுப்பில் தமிழை மட்டும் முதல் தடவையே பாஸ் செய்தவன் என்கிற திமிர்.

என் பெயர் பால்வண்ணன். ஆலங்கரை மெயின் ரோட்டில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறேன். எரிந்த மோட்டாரைப் பிரித்து, உள்ளே புதிதாகச் செம்புக் கம்பி சுற்றி ஓட வைத்துவிடுவேன். மனைவி ஆவுடையம்மாளுக்கு இரண்டு கிட்னியும் போய் ஒரு வருஷம் ஆகிறது. அதற்குக் கம்பி சுற்ற எனக்குத் தெரியாது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். பஸ்ஸில் போக இரண்டு மணி நேரம், மெஷினில் நாலு மணி நேரம், திரும்பி வரும்போது அவள் தலை என் தோளில் இரண்டு மணி நேரம். செவ்வாயும் சனியும் நான் போகிறேன். வியாழன் ரஞ்சனி போகிறாள். பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளை.

எங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரியிலும் டயாலிசிஸ் மெஷின் உண்டு. மூன்று. போன வருஷம் லாரியில் வந்தபோது நானும் ஒரு கை பிடித்து இறக்கினேன். அன்றோடு சரி. உறை பிரிக்காமல் பூட்டிய அறைக்குள் இருக்கின்றன.

ஆகஸ்ட் 8, வெள்ளி

தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதித் தரும் குருசாமி அண்ணாச்சியிடம் போனேன். மெஷின் ஓடவில்லை என்று எழுதச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“மெஷின் ஓடலன்னு எழுதினா எவன்வே படிப்பான்? திருடிட்டாவன்னு எழுதணும். அங்க பெரிய டாக்டர் யாரு?”

“ஜெபராஜ் டாக்டர். அவரு திருடுனாரான்னு எனக்குத் தெரியாதே அண்ணாச்சி.”

“தெரியாததுனாலதான விசாரிக்கச் சொல்லுதோம்?”

சரி, எழுதுங்கள் என்றேன். மனு பிரமாதமாக வந்தது. “ஏழைகளின் குருதியை உறிஞ்சும்” என்று ஒரு வரி. டயாலிசிஸ் மனுவில் குருதி வருவது எவ்வளவு பொருத்தம் என்று நானே சபாஷ் போட்டேன். கீழே நகல் பட்டியல். சென்னையில் இருக்கிற பெரிய பெரிய ஆபீஸ், கலெக்டர், சுகாதாரத் துறை, லஞ்சத்தைப் பிடிக்கிறவர்கள், கணக்குத் தணிக்கை செய்கிறவர்கள் என்று மொத்தம் பதினாலு. மின்வாரியத்துக்கு எதற்கு என்று கேட்டேன். “இருக்கட்டும்வே, கரண்ட்லதான மெஷின் ஓடுது” என்றார்.

தபால் ஆபீஸிலிருந்து வீடு வரை நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

ரஞ்சனி அம்மாவோடு போயிருக்கிறாள். கணக்கு டெஸ்டாம், பஸ்ஸில் படித்துக்கொள்வாளாம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு நான் கத்திரிக்காய் வதக்கினேன். ஆவுடைக்கு உப்பு ஆகாது. எனக்கு உப்புப் போடத் தெரியாது. நல்ல பொருத்தம்.

செப்டம்பர் 10, புதன்

விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதம். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். எங்கே கூப்பிட்டார்கள் என்று பார்த்தால், எங்கள் ஊர் ஆஸ்பத்திரி. விசாரிக்கிறவர் யார் என்று பார்த்தால், ஜெபராஜ் டாக்டர்.

அவர் மேஜையில் என் பதினாலு மனுவும் அடுக்கியிருந்தது. மேலே போன ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஆபீஸாக இறங்கி, “தங்கள் விளக்கம் தேவை” என்று அவரிடமே வந்து சேர்ந்திருக்கிறது.

“நீங்கதான் பால்வண்ணனா? உங்க வீட்டம்மாவுக்கு மொதல்ல கிட்னி வீக்கத்தைக் கண்டுபிடிச்சு எழுதிக் குடுத்தது யாரு, ஞாபகம் இருக்கா?”

“நீங்கதான் சார்.”

“இப்ப குருதியை உறிஞ்சுறதும் நான்தானா?”

சட்டைக்குள்ளே வேர்த்துவிட்டது. “அந்த வரி குருசாமி அண்ணாச்சி போட்டது சார்” என்றேன். காட்டிக்கொடுப்பதில் எனக்கு இணை கிடையாது.

அவர் எழுந்து அந்த அறையைத் திறந்து காட்டினார். மெஷின் ஒவ்வொன்றும் மணப்பெண் மாதிரி முக்காடு போட்டு நின்றது. டயாலிசிஸுக்குச் சாதாரணத் தண்ணீர் ஆகாதாம். அதற்கென்று பெரிய சுத்திகரிப்பு பிளான்ட் வேண்டுமாம். மெஷினை அனுப்பியது ஒரு ஃபைல், பிளான்ட்டுக்கு வேறு ஃபைல். முதல் ஃபைல் நடந்தது, இரண்டாவது படுத்துவிட்டது.

“எத்தனை தடவை எழுதிட்டேன் தெரியுமா? எனக்கும் நீங்க பதினாலு பேருக்கு எழுதுனமாதிரி எழுதத் தோணுது. உத்தியோகம் இருக்கே, என்ன செய்ய?”

எனக்கு அவமானமாக இருந்தது. அந்த நேரம் பார்த்து கிளார்க் ஒரு தாளை நீட்டினார். “மனுதாரர் நேரில் விளக்கம் பெற்றுத் திருப்தி அடைந்தார்” என்று டைப் அடித்திருந்தது. டாக்டரைத் திருடன் என்று எழுதியவன், கையெழுத்துப் போட மாட்டேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? மரியாதைக்குப் போட்டேன். பதினாலு தாள் இருந்தது. பதினாலிலும் போட்டேன்.

செப்டம்பர் 15, திங்கள்

காலையிலிருந்து செல்போனில் மெசேஜ். “தங்கள் மனு முடித்து வைக்கப்பட்டது.” ஒவ்வொரு ஆபீஸாக வருகிறது. ரஞ்சனி எடுத்துப் பார்த்தாள்.

“என்னப்பா, எல்லாத்துலயும் திருப்தின்னு போட்டிருக்கு? இவ்வளவு திருப்தியா இருக்கிய, பாயசம் வைக்கட்டுமா?”

ஆவுடை சிரித்தாள். சிரித்து முடிக்க அவளுக்கு மூச்சு போதவில்லை. பேச்சை மாற்றினேன்.

செப்டம்பர் 18, வியாழன்

காலாண்டுப் பரீட்சை. இந்த வியாழன் டயாலிசிஸ் வேண்டாம் என்று நர்ஸ் சொல்லிவிட்டதாக ஆவுடை சொன்னாள். ரஞ்சனி பள்ளிக்கூடம் போனாள். நல்லதாகப் போயிற்று, கடையில் எட்டு மோட்டார் கிடக்கிறது.

செப்டம்பர் 25, வியாழன்

இந்த வியாழனும் வேண்டாம் என்றாராம். உடம்பு தேறி வருகிறது போல.

செப்டம்பர் 28, ஞாயிறு

இரண்டு நாளாக எழுதவில்லை.

நர்ஸ் அப்படி எதுவும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆவுடைக்கு மூச்சு முட்டி, ஆம்புலன்ஸில் பெரியாஸ்பத்திரிக்குப் போன வழியெல்லாம் நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நீர் கோத்து வீங்கியிருந்தது. அந்த வீக்கத்தை ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மோட்டார் சூடானால் தொட்ட உடனே சொல்லிவிடுவேன், என்ன கோளாறு என்று.

இன்று எழுந்து உட்கார்ந்தாள். திட்ட வேண்டும் என்று போனவன், “எதுக்குட்டி பொய் சொன்னே?” என்று மட்டும் கேட்டேன்.

“பிள்ளைக்குப் பரீட்சைல்லா? அது ஒரு நாள் போகலன்னா ஒரு நாள் பின்னால நிக்கும். நான் ரெண்டு நாள் போகலன்னா என்ன ஆயிருச்சு?”

ரஞ்சனி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்கு வந்து கணக்குப் புத்தகத்தை எடுத்துப் பரண் மேல் போட்டாள். நான் ஏணி போட்டு எடுத்துக் கீழே வைத்தேன்.

அக்டோபர் 8, புதன்

பேரூராட்சி ஆபீஸில் ஃபேன் எரிந்துவிட்டது, உடனே வா என்று ஆள் வந்தது. அங்கே எரிந்த ஃபேன் எரிந்தபடியே வருஷக்கணக்கில் தொங்கும். இன்று என்ன அவசரம் என்றால், ஆடிட் வந்திருக்கிறது. ஒரு அம்மா, பெயர் வசுமதி. கூட ரியாஸ் என்று ஒரு தம்பி. இரண்டு பேரும் வீட்டு வரிக் கணக்குக்குள் தலையைக் கவிழ்த்து, வியர்வையில் நனைந்துகொண்டிருந்தார்கள்.

ஏணி மேல் நின்றபடியே கேட்டுவிட்டேன். “மேடம், எதை ஆடிட் பண்ணணும்னு யாரு முடிவு பண்ணுவா?”

ரியாஸ் நிமிர்ந்தார். “ஏன் அண்ணே, உங்க கடைக்கு வரணுமா?”

“என் கடைக்கு வந்தா நீங்கதான் எனக்கு டீ வாங்கித் தரணும் தம்பி.”

அந்த அம்மா சிரித்தார். சிரித்தவரை விடக்கூடாது என்று ஃபேனைக் கழற்றி இறக்குவதற்குள் மெஷின், மனு, கையெழுத்து, ஆம்புலன்ஸ் எல்லாம் சொல்லிவிட்டேன். பதினாலு நகல் என்றதும் அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

“எங்க ஆபீஸுக்கும் ஒண்ணு வந்திருக்குமே! கீழே பட்டியலைப் பாத்ததும் எங்க ஆள் என்ன நெனைச்சிருப்பார்? மத்த பதிமூணு பேர்ல ஒருத்தர் பாத்துக்குவாங்கன்னு. அந்தப் பதிமூணு பேரும் அதையேதான் நெனைச்சிருப்பாங்க.”

“திருட்டுன்னு எழுதியும் யாரும் வரலையே மேடம்?”

“திருட்டுன்னா ஆதாரம் கேப்பாங்க. நீங்க கண்ணால பாத்தீங்களா?”

“இல்ல.”

“ஆதாரம் இல்லாத புகாரை அந்தத் துறைக்கே அனுப்பி விளக்கம் கேட்டுட்டு முடிச்சிடுவாங்க. நீங்க வேற திருப்தின்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க.”

“அப்ப நீங்க எப்படித்தான் ஒண்ண எடுப்பீங்க?”

பேனாவை மூடிவிட்டுச் சொன்னார். ஆள் கொஞ்சம், பார்க்க வேண்டியது ஏகப்பட்டது. வருஷத்துக்கு ஒரு தடவை உட்கார்ந்து பிரிப்பார்களாம். எதில் அரசாங்கப் பணம் அதிகம் போகிறது, எது கெட்டால் நிறையப் பேருக்கு வலிக்கும், போன தடவை சொல்லியும் திருத்தாதது எது, போய்ப் பார்த்தால் நிரூபிக்க முடியுமா. இப்படி.

“சத்தம் போடுறவங்களுக்கு?”

“சத்தம் கேட்டா திரும்பிப் பாப்போம். சத்தத்துக்காக மட்டும் எடுத்தா, சத்தம் போடத் தெரியாதவங்க கதி?”

எனக்குச் சுருக்கென்றது. என் கடையில் எட்டு மோட்டார் கிடந்தால், வாசலில் வந்து கத்துகிற பண்ணையார் மோட்டாரைத்தான் முதலில் பிரிப்பேன். நாற்று காய்கிறவன் ஓரமாக உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருப்பான்.

“ஒரு ஊர்ல மெஷின் சும்மா கெடந்தா அது ஒரு ஆஸ்பத்திரிப் பிரச்சினை. பல ஊர்ல கெடந்தா, வாங்கின விதத்துலயே கோளாறு. அதைப் பாக்குறதுதான் எங்க வேலை. வேற ஊர்ல எப்படி?”

“தெரியாது மேடம்.”

“எனக்கும் தெரியாது. கண்ணால பாத்ததை மட்டும் எழுதுங்க. மெஷின் எப்ப வந்துச்சு, ஓடுதா, நீங்க எங்க போறீங்க. உங்க பேர் போட்டு, எங்க ஆபீஸுக்கு மட்டும். ஆஸ்பத்திரி பாக்குறது வேற பிரிவு. எடுப்பாங்கன்னு வாக்குத் தர முடியாது.”

ஃபேனை மாலைக்குள் கட்டி மாட்டிவிட்டேன். பண்ணையார் மோட்டார் காத்திருந்தது.

அக்டோபர் 11, சனி

பஸ்ஸில் ஆவுடையிடம் எல்லாம் சொன்னேன். வேறு ஊர்களுக்கு எப்படிப் போய் விசாரிப்பது, ஒரு பைக்கை வாங்கிக்கொண்டு சுற்றுவதா என்று திட்டம் போட்டேன். அவள் ஜன்னல் வழியாகத் தாமிரபரணியைப் பார்த்துக்கொண்டே, “எதுக்கு?” என்றாள்.

வார்டுக்குள் போனதும் புரிந்தது. இருபது கட்டில். இருபது ஊர். நாலு மணி நேரம் யாரும் எழுந்து ஓட முடியாது.

“அண்ணே, உங்க ஊரு ஆஸ்பத்திரில மெஷின் வரலியா?” என்று பக்கத்துக் கட்டில் வெள்ளத்துரையிடம் ஆரம்பித்தாள். மணலோடைக்காரர், லாரி டிரைவராக இருந்தவர்.

“வந்திருக்கும்மா. அது மேல நர்சுமாரு சாப்பாட்டு வாளிய வச்சிருக்காவ.”

“எப்ப வந்துச்சு?”

“போன கோயில் கொடைக்கு முந்தி.”

கேள்வி கட்டில் கட்டிலாகப் போனது. எல்லாரும் ரத்தம் மெஷினில் ஓட ஓடப் பதில் சொன்னார்கள். ஆறு ஊரில் மெஷின் சும்மா நிற்கிறது. நர்ஸ் வந்து, “என்ன இங்க கிராம சபை நடக்குது?” என்றார்.

நான் பிளாஸ்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதுவும் ஒரு வேலைதான்.

அக்டோபர் 22, புதன்

தீபாவளிக்கு உப்பில்லாத முறுக்கு. சாப்பிட்டவர்கள் என்னை விசாரித்துத் திருப்தி அடையாமல் போனார்கள்.

கடிதம் எழுதினோம். பெயர் போடும் இடத்தில் பேனாவை நிறுத்தினேன். பெரியாஸ்பத்திரியில் மனைவி கட்டிலில் கிடக்கும்போது அரசாங்கத்துக்கு எதிராகப் பெயர் போட்டு எழுதுவதா? ஆவுடையிடம் சொன்னேன். “எதிராவா? மெஷின் ஓடலங்கது எதிர்ப்பா?” என்றாள். “நோயாளி நான். என் பேரைப் போடுங்க.”

நான் எழுதியதில் “கண்ணீர்க் கடல்” என்பதை ரஞ்சனி அடித்தாள். “நெஞ்சம் பதறுகிறது” என்பதை ஆவுடை அடிக்கச் சொன்னாள். மிச்சம் அரைப் பக்கம். எங்களைப் பார்த்து மற்ற ஊர்க்காரர்களும் அவரவர் பெயரில், அவரவர் கையால் எழுதினார்கள். குருசாமி அண்ணாச்சியிடம் நகலைக் காட்டினேன்.

“இது மனுவா? ரேஷன் கடை போர்டு மாதிரில்லா இருக்கு!”

டிசம்பர் 2, செவ்வாய்

பதில் இல்லை. மழையில் பஸ் நின்று, மெஷினுக்குத் தாமதமாகப் போனோம். ஆவுடைக்குக் கால் மறுபடி கொஞ்சம் வீங்குகிறது. இந்தத் தடவை நர்ஸிடம் நானே சொன்னேன்.

ஜனவரி 19, திங்கள்

தபால். “தங்கள் கடிதம் பெறப்பட்டது. ஆண்டுத் திட்டம் வகுக்கும்போது கருத்தில் கொள்ளப்படும்.” நல்ல செய்தியா, கெட்ட செய்தியா? நானும் ரஞ்சனியும் ஆளுக்கொரு பக்கம் வாதாடினோம். ஆவுடை வாங்கிப் பார்த்துவிட்டு, “திருப்தின்னு போடலைல்லா? அப்ப நல்ல செய்திதான்” என்று முடித்துவிட்டாள்.

மார்ச் 13, வெள்ளி

ஜெபராஜ் டாக்டர் கடைக்கே வந்துவிட்டார். மோட்டார் எரிந்ததா என்று பார்த்தால் கையில் மோட்டார் இல்லை. ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன்.

“தணிக்கை ஆபீஸ்ல இருந்து கேள்வி வந்திருக்கு. எனக்கு மட்டும் இல்ல, மெஷின் போன எல்லா ஆஸ்பத்திரிக்கும். மெஷின் எந்தத் தேதி வந்தது? எந்தத் தேதி ஓட ஆரம்பித்தது? ஓடலைன்னா ஏன்? மூணே வரி.”

“பதில் எழுதிட்டியளா சார்?”

“பதினாலு மனுவுக்கும் பல்லைக் கடிச்சிக்கிட்டுப் பதில் எழுதினேன். இதுக்கு உக்காந்து, ரசிச்சு எழுதினேன்யா. நான் பிளான்ட் கேட்டு எழுதுன லெட்டரெல்லாம் கூட வச்சு அனுப்பிட்டேன். கேக்க ஒரு ஆள் வேணும்ல?”

டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, “குருதி எப்படி இருக்கு வீட்ல?” என்றார். ஆறு மாதமாகியும் அவர் மறக்கவில்லை.

ஏப்ரல் 24, வெள்ளி

அடுத்த ஆண்டுத் தணிக்கைத் திட்டத்தில் இந்த மெஷின் விவகாரத்தைச் சேர்த்துவிட்டார்களாம். எல்லா ஊருக்கும் போக ஆள் கிடையாது என்பதால் நாலு ஆஸ்பத்திரியைப் பொறுக்கியிருக்கிறார்களாம். மணலோடை உண்டு. எங்கள் ஊர் இல்லை.

டாக்டர் போனில் சொன்னதும் எனக்கு வந்த கோபத்தில் ஒரு காயிலைத் தப்பாகக் கட்டிவிட்டேன். ஆரம்பித்தது நாங்கள். ஆம்புலன்ஸில் போனது நாங்கள். பெயர் போட்டது நாங்கள். வீட்டுக்கு வந்து கத்தினேன்.

ஆவுடை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். “மணலோடைக்குப் போறாவளா? நல்லது. வெள்ளத்துரை அண்ணனுக்குப் பஸ்ஸு மாறி வரணும். நமக்கு ஒரே பஸ்ஸு.”

“நம்ம ஊருக்கு வரலையேட்டி!”

“நேத்து வரைக்கும் எங்க வருவாவன்னு யாருக்காவது தெரியுமா?”

“தெரியாது.”

“அப்ப எல்லா ஊருலயும் பயந்திருப்பாவல்லா? போய் டாக்டர்ட்ட கேளுங்க, அந்த ரெண்டாவது ஃபைலு எங்க இருக்குன்னு.”

போய்க் கேட்டேன். மூன்று வரிக் கேள்வி வந்த அடுத்த வாரமே ஃபைல் எழுந்து உட்கார்ந்துவிட்டதாம். பிளான்ட்டுக்கு உத்தரவு போட்டாயிற்றாம். டாக்டர் அதைத்தான் முதலில் சொல்ல வந்தாராம். எங்கள் ஊர் பெயர் இல்லை என்று கேட்டதுமே நான் போனை வைத்துவிட்டேனாம்.

மே 13, புதன்

பிளான்ட் வந்து இறங்கியது. நானும் ஒரு கை பிடித்தேன். பம்ப் மோட்டாரைத் தட்டிப் பார்த்தேன். பொருத்த வந்தவன், “அண்ணே, கை வைக்காதீங்க, கேரண்டி போயிரும்” என்றான். தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பி, சரி என்று வந்த பிறகுதான் மெஷினைத் தொடலாமாம். இத்தனை மாதம் பொறுத்தாயிற்று.

ஜூன் 9, செவ்வாய்

ரஞ்சனி காலை ஏழு மணிக்கே பிளஸ் டூ ஸ்பெஷல் கிளாஸுக்குப் போனாள். அவள் அந்தப் பக்கம் திரும்ப, நாங்கள் இந்தப் பக்கம் திரும்பினோம். எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு.

முக்காடு நீங்கிய மெஷின். ஜன்னல் ஓரக் கட்டில். ஜெபராஜ் டாக்டர் நின்று ஊசி குத்தும் வரை பார்த்துவிட்டுப் போனார். ஆவுடையின் ரத்தம் குழாயில் ஏறி, சுற்றி, அவளுக்கே திரும்பியது. எத்தனையோ தடவை பார்த்ததுதான். இன்று எனக்குக் கண் கலங்கியது. டெட்டால் நெடி என்று நர்ஸிடம் சொன்னேன்.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். நாலு மணி நேரமும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்தவள் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

“இங்கேயா இருந்திய?”

“பின்ன?”

“கடை அஞ்சு நிமிச நடைல்லா? தொறந்துட்டு வந்திருக்கலாமே!”

சத்தியமாக எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு வருஷத்துக்கு மேலாக டயாலிசிஸ் என்றால் காத்திருப்பது என்றே உடம்பு பழகிவிட்டது. ஆட்டோ கூப்பிடப் போனேன். வேண்டாம், மெதுவாக நடப்போம் என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மணலோடைக்கு ஆடிட்காரங்க அடுத்த மாசந்தான் வாராவளாம். அங்க இன்னும் வாளி எறங்கல. அதுவரைக்கும் வெள்ளத்துரை அண்ணனை இங்க வரச் சொல்லிட்டேன். டாக்டர்ட்டயும் கேட்டுட்டேன். வியாழக்கிழமைலேருந்து ரெண்டாவது கட்டில்.”

“எப்ப கேட்டே?”

“நடுவுல டாக்டர் வந்தப்ப. நீங்க பெஞ்சுல தூங்கியிருப்பிய.”

நான் தூங்கவில்லை என்று வாதாடிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தோம். மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. முன்பெல்லாம் இந்த நேரத்தில் பாதி ரத்தம் மெஷினில் ஓடிக்கொண்டிருக்கும். அவள் படுத்த உடனே தூங்கிவிட்டாள். நான் போய்க் கடையைத் திறந்தேன். ஓரமாகப் பீடி குடித்துக்கொண்டிருந்தவனின் மோட்டாரை முதலில் பிரித்தேன்.